பேப்பர் பெயர் இல்லாத அட்டை

2015-இல் ஓய்வு பெற்ற அன்று பேப்பரின் டெல்லி அலுவலகத்தில் சால்வை போர்த்தி அனுப்பி வைத்தார்கள். அதே வாரம் பி.ஐ.பி. என்கிற மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தந்த அங்கீகார அட்டையையும் திருப்பிக் கொடுத்தேன். பேப்பரின் நிருபர் என்பதற்காகத் தந்த அட்டை அது. வேலை போனால் அதுவும் போக வேண்டும் என்பது விதி. 28 வருடம் கழுத்தில் கிடந்தது, லேமினேஷன் ஓரம் பிரிந்துபோய் டேப் ஒட்டியிருந்தேன்.

மூத்த பத்திரிகையாளர்களுக்கென்று பி.ஐ.பி.யில் 'லாங் அண்ட் டிஸ்டிங்விஷ்ட்' (நீண்ட, சிறப்பான பணி) என்று தனிப் பிரிவு இருக்கிறது. அதில் எனக்கு அட்டை கிடைத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. நம் ஆட்கள் சிலர் போன் போட்டு, "அதனால் என்ன பயன் அக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அலைச்சலைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை வருடம் வேலை பார்த்தோம் என்பதற்குக் காகிதம் வேண்டும். என் முதல் பேப்பர் மூடிப் பல வருடமாகிறது. டிரங்குப் பெட்டியில் இருந்த கட்டிங்குகளை எடுத்து வைத்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வீஸ் சான்றிதழுக்கு ஐந்து மாதம் இழுத்தடித்தார்கள். அங்கே இப்போது இருப்பவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அந்த ஐந்து மாதம் மனதை ரொம்பவே வலிக்கச் செய்தது. ஆகவே இன்னும் வேலையில் இருப்பவர்கள் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் இன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் போலீஸ் விசாரணை, அது ஒரு பக்கம் தானாக நடந்தது.

இனி பயன். டெல்லியில் இருக்கும் அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களுக்குப் பணம் கட்டினால் சி.ஜி.எச்.எஸ். என்கிற மத்திய அரசு மருத்துவத் திட்டம் உண்டு. வெளிநோயாளி சிகிச்சைக்கும் ராம் மனோகர் லோகியா மருத்துவமனைக்கும் மட்டும்தான், ஆனாலும் பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் ஆகிற செலவை நினைத்தால் பெரிய உதவி. ரயிலில் இருந்த பாதிக் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில், கொரோனா சமயத்தில் நின்றது. மூத்த குடிமக்கள் சலுகையையும் அப்போதுதான் நிறுத்தினார்கள். ஊருக்குப் போக ஜி.டி. எக்ஸ்பிரஸில் முழு டிக்கெட்தான் எடுக்கிறேன். நாடாளுமன்றத்துக்கு இந்த அட்டை செல்லாது, அதற்கு அங்கே தனி பாஸ் வாங்க வேண்டும். பென்ஷனும் இதில் கிடையாது. தமிழ்நாட்டில் பத்திரிகையாளர் ஓய்வூதியம் என்று மாநில அரசு கொடுப்பது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவுதான் என்றால் நான் இத்தனை அலைந்திருக்க மாட்டேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். வாசலில் நோட்டை நீட்டினார்கள். பெயர் எழுதினேன், அடுத்த கட்டம் 'நிறுவனம்'. பேனா அப்படியே நின்றுவிட்டது. "எந்தச் சேனல் மேடம்?" என்று அந்தப் பையன் தன்மையாகத்தான் கேட்டான். பதில் சொல்ல வரவில்லை. பின்னால் வரிசை நகராமல் நின்றது. கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு உள்ளே போனேன், ஒரு கேள்விகூடக் கேட்காமல் திரும்பி வந்தேன். போபாலில் விஷவாயு கசிந்த மறுவாரம் அங்கே தெருத்தெருவாக நடந்து செய்தி அனுப்பியவள் நான்.

புது அட்டையில் பேப்பர் பெயர் இல்லை. என் பெயர், நரைத்த தலையோடு என் படம், பிரிவு, அவ்வளவே. வாங்கிய அன்று ரைசினா சாலை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த பிப்ரவரி 1 அன்று தேசிய ஊடக மையத்தில் நிதியமைச்சரின் பட்ஜெட் பேட்டிக்குப் போனேன். வாசலில் அட்டையைக் காட்டினேன், வழி விட்டார்கள். மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த சின்னப் பெண், "நீங்கள் எந்தப் பேப்பருக்கு எழுதுகிறீர்கள்?" என்று கேட்டாள். "நானாகத்தான் எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தேன்.