செங்டுவா, சியானா? பிள்ளைகளோடு மூன்று நாள் சீனப் பயணம்

பள்ளிக்குப் போகாத வயதில் குழந்தை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், செங்டுதான். 1987-இல் தொடங்கிய பாண்டா இனப்பெருக்க மையம் நகரின் வடகிழக்கு ஓரத்திலேயே இருக்கிறது. காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். பாண்டாக்கள் மூங்கில் தின்பதும் மரமேறுவதும் அப்போதுதான். வெயில் ஏறினால் குளிரூட்டிய அறைக்குள் போய்ப் படுத்துவிடும். நுழைவுச்சீட்டைப் பாஸ்போர்ட் விவரத்தோடு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

சியான், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு. 1974-இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்த சுடுமண் படை, அதாவது மண்ணால் செய்து சுட்ட போர்வீரர் சிலைகள், கதை கேட்கும் பிள்ளையை வாய்பிளக்க வைக்கும். ஆனால் அது நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கூட்டத்தில் சின்னவர்களைத் தூக்கிப் பிடித்தால்தான் குழிக்குள் இருப்பது தெரியும். அதைவிட எனக்குப் பிடித்தது சியானின் பழைய நகரைச் சுற்றிய கோட்டை மதில். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சுற்று, மேலே அகலமான பாதை, வாடகைச் சைக்கிள். முழுச் சுற்றும் வர வேண்டியதில்லை, பாதியே போதும்.

சாப்பாட்டில் சியானே மேல்: கையால் இழுத்த நூடுல்ஸைப் பிள்ளைகள் மறுப்பதில்லை. செங்டுவில் காரத்தோடு நாக்கை மரக்கவைக்கும் சிச்சுவான் மிளகும் சேரும். தக்காளி முட்டைச் சூப் கேட்டு வாங்குங்கள்.

இரண்டுக்கும் நடுவே அதிவேக ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆனாலும் மூன்று நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, எந்த ஊருக்கும் அப்போது வேண்டாம்.