முகமலரா மலர்முகமா: ஒரு டிஎன்பிஎஸ்சி தமிழ் கிளாஸ் ரிவ்யூ

குரூப் 4 தமிழுக்குன்னு நான் போற ரெண்டாவது கிளாஸ் இது. திண்டுக்கல்ல ஒரு வீட்டு மொட்டை மாடி, மேல தகர ஷீட்டு, ஞாயித்துக்கெழமை காலைல ஒம்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும், மாசம் 800 ரூவா. நடத்துறவரு ரிட்டயர்ட் ஆன தமிழ் வாத்தியார், எல்லாரும் ஐயான்னுதான் கூப்புடுறோம். பேரு போட்டு ரிவ்யூ எழுதட்டுமாய்யான்னு கேட்டேன், "வேணாம்ப்பா, இருக்குற ஆளுகளுக்கே இடம் பத்தல"ன்னுட்டாரு.

முன்ன போன சென்டர்ல ஏசி, ப்ரொஜெக்டர், கலர் கலரா மெட்டீரியல் எல்லாம் உண்டு, சந்தேகம் கேட்டா மட்டும் அங்க நடத்துற சாரு "அதெல்லாம் எக்ஸாம்ல வராது, உக்காரு". 200 கேள்வில 100 தமிழ், 150 மார்க்கு, அதுல 60 வாங்கலன்னா மிச்ச நூறு கேள்விய திருத்தவே மாட்டாங்க, இதுல எது வராதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல.

இங்க சேர்ந்து மூணாவது வாரம் டெஸ்ட் வச்சாரு. "முகமலர்" இலக்கணக்குறிப்பு என்னன்னு ஒரு கேள்வி. ஐயா உவமைத்தொகைன்னு திருத்திட்டாரு. கடைசி வரிசைல ஒரு சின்னப்பொண்ணு எந்திரிச்சு, மலர்முகம்னாதானே ஐயா மலர் மாதிரி முகம்னு உவமை, முகமலர்னு மாத்திப் போட்டா முகமே மலர்னு உருவகம்லன்னுச்சு. மாடியே கம்முனு ஆயிடுச்சு. எனக்கெல்லாம் பழைய சென்டர் ஞாபகம் வந்து வயித்த கலக்குது. ஐயா சாக்பீஸோட அப்படியே நின்னாரு, ரெண்டு தடவ வாய்க்குள்ள சொல்லிப் பாத்தாரு, அப்பறம் போர்டுல அவரு எழுதுனத அழிக்காம, மேல ஒரு கோடு மட்டும் போட்டு பக்கத்துல உருவகம்னு எழுதுனாரு. "உருவகம்னு எழுதி நான் மார்க் கொறச்சவங்க பேப்பரக் குடுங்க"ன்னு அத்தனையும் வாங்கி அங்கயே உக்காந்து திருத்துனாரு, அதுக்கே அரை மணி நேரம் போயிடுச்சு. அழிச்சா என்னய்யான்னு ஒருத்தன் கேட்டதுக்கு, "நான் எங்க வழுக்குனேன்னு தெரிஞ்சாத்தானே நீங்க அங்க வழுக்க மாட்டீங்க".

நன்னூல்ங்கிற இலக்கண நூலோட பாயிரம், அதான் முன்னுரை, நடத்துன அன்னிக்குத்தான் தப்ப ஒத்துக்கிற இந்தப் பழக்கம் ஐயாவுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுது. பவணந்தி முனிவர் நல்ல ஆசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர்னு நாலு உவமை சொல்லிட்டு, ஆசிரியர் ஆகக் கூடாதவங்களுக்கும் நாலு வச்சிருக்காரு. போட்ட வரிசை மாறி கழற்சிக்காய் வெளிய வர்ற கழற்குடம், ஏற விடாம கருக்கு மட்டையோட நிக்கிற மடற்பனை, திணிச்சுத் திணிச்சு அடைச்சத பிச்சுப் பிச்சு எடுக்க வேண்டிய பருத்திக்குண்டிகை, ஒருத்தர் தண்ணி ஊத்த வேற ஒருத்தருக்குக் காய் போடுற முடத்தெங்கு. "வேலைல சேர்ந்து முதல் பத்து வருஷம் நான் மடற்பனைப்பா, பழம் தானா விழுந்தா பொறுக்கிக்கணும், ஏறிக் கேட்டா அறுத்துரும்"னாரு. சிரிச்சோம். அவரு சிரிக்கல. ஒரு அரையாண்டுப் பரீட்சைல ஒரே தப்பு விடைய கிளாஸே எழுதியிருந்துச்சாம், காப்பி அடிச்சுட்டானுங்கன்னு பிரம்பத் தூக்கிட்டுப் போனாராம், ஒரு பையன் நோட்டத் தொறந்து காட்டிருக்கான், அது அவரே நடத்துனது. "என் தப்பு நாப்பது கையெழுத்துல இருந்துச்சு. கேட்டா அடிப்பேன்னு ஒருத்தனும் கேக்கல." அதுக்கப்பறம்தான் தெனமும் ராத்திரி மறுநாள் பாடத்த மாணவன் மாதிரி ஒருக்கா படிக்கிறாராம், இப்பவும் சனிக்கெழமை அதான் வேலையாம்.

மாணவருக்கும் உவமை உண்டு, கடைசி ரகத்துல நெய்யரின்னு ஒண்ணு வருது. நெய்ய விட்டுட்டு கசட மட்டும் பிடிச்சு வச்சுக்கிற பன்னாடை. எங்கப்பா என்னைய இத்தன வருஷமா நன்னூல்படிதான் திட்டிருக்காருன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

கொறையும் சொல்லணும்ல. போர்ஷன் நத்தை வேகம், ரெண்டு சொல்லு சேரும்போது எழுத்து எப்படி மாறும்னு சொல்ற புணர்ச்சி இலக்கணம் மட்டுமே அஞ்சு வாரம் ஓடுச்சு. ஷார்ட்கட் கெடையாது, பிரிண்ட் நோட்ஸ் கெடையாது, எல்லாம் கையாலதான் எழுதணும். எக்ஸாமுக்கு ரெண்டு மாசம்தான் இருக்குன்னா இங்க வராதீங்க, சத்தியமா முடியாது. மழை வந்தா தகரச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. பைக் விட எடமில்ல, பக்கத்து வீட்டம்மா திட்டுவாங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். வர்றவங்க ஒரு பாய் எடுத்துட்டு வாங்க, சிமெண்ட் தரை, பத்து மணிக்கு மேல சுட ஆரம்பிச்சுடும்.