லோஹகட் மலையேற்றமும் மூன்றரை மணி நேரத் தொண்டும்

மும்பை செம்பூரில் உள்ள கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்டத்தைக் கவனித்து வருபவன் என்ற முறையில், சென்ற ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் 26 மாணவர்களை, லோணாவாலாவுக்கு அருகே மலை மேல் இருக்கும் லோஹகட் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். மலையேற்றத்தையும் கிராமத் தொண்டையும் ஒரே நாளில் சேர்த்து நடத்தித் தரும் மும்பை நிறுவனம் ஒன்று, தலைக்கு 1,350 ரூபாய் பெற்றுக்கொண்டு செய்த ஏற்பாடு அது. ஒரே ஒரு பயணத்தை வைத்து நிறுவனத்தின் பெயரைச் சொல்வது முறையல்ல என்பதால் அதைத் தவிர்த்துவிட்டேன்.

மலையேற்றத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதிகாலை ஐந்து மணிக்குச் சயானில் பேருந்து ஏறியது முதல், வழிகாட்டிகளில் ஒருவர் வரிசையின் முன்னாலும் மற்றவர் கடைசியிலும் நடந்தனர். கணேசர், நாராயணர், அனுமன் வாயில்களைக் கடந்து மகா தர்வாஜா வரை, ஒவ்வொரு வாயிலிலும் நின்று தலைகளை எண்ணிய பிறகே மேலே விட்டனர். மழையில் பாசி பிடித்திருந்த படிகளில் ஒரு மாணவனின் காலணி அடிப்பாகம் முழுவதுமாகப் பிய்ந்து தொங்கியபோது, பின்னால் வந்த வழிகாட்டி தம் பையிலிருந்து சணல் கயிற்றை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டார். மாலை வரை அந்த முடிச்சு அவிழவில்லை. தேளின் வாலைப் போல நீண்டு கிடப்பதால் விஞ்சுகடா என்று அழைக்கப்படும் முனைக்கு எட்டெட்டுப் பேராக அழைத்துச் சென்றவர்கள், மூடுபனி இறங்கியதும் கடைசிக் குழுவை நிறுத்திவிட்டனர். மாணவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்கோ கொடுத்த பணம் வீணாகவில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

சிவாஜி 1648இல் கைப்பற்றி, 1665ஆம் ஆண்டுப் புரந்தர் உடன்படிக்கையில் முகலாயரிடம் விட்டுக்கொடுத்து, 1670இல் மீட்ட கோட்டை இது என்பதை வழிகாட்டி சுருக்கமாகச் சொன்னார். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றே என்பதை நான் சேர்த்துச் சொன்னேன். தாராவியிலிருந்து வந்திருந்த மாணவி ஒருத்தி, "ஊருக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி, சார்" என்றாள்.

தொண்டு என்று விளம்பரத்தில் சொல்லப்பட்ட பகுதிதான் சறுக்கியது. ஜில்லா பரிஷத் (மாவட்ட ஊராட்சி) பள்ளியில் குழந்தைகளோடு நிகழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி பூட்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. வீடு வீடாகச் சென்று பதினொரு பிள்ளைகளைத் திரட்டித் திண்ணையில் உட்காரவைத்து ஒப்பேற்றினார்கள். பாதையோரக் குப்பை பொறுக்கும் வேலை மட்டும் உண்மையாகவே நடந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் சுவர்களிலோ நீர்த்தொட்டிகளிலோ கை வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே எச்சரித்தது பாராட்டத்தக்கது. ஆனால் நெகிழிப் புட்டிகள், சிப்ஸ் உறைகள், நனைந்து கனத்த தட்டுகள் என்று 19 சாக்குகள் நிறைந்த பிறகு, அவற்றை யார் எடுத்துச் செல்வது என்ற கேள்விக்கு விடையே இல்லை. பேருந்து கீழே பாஜே கிராமத்தில் நின்றிருந்தது. நாற்றமடிக்கும் சாக்குகளை ஏற்ற முடியாது என்று ஓட்டுநர் மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

கோட்டை அடிவாரக் கிராமமான லோஹகட்வாடியில் எங்களுக்குப் பிட்லாவும் (கடலை மாவுக் குழம்பு) பாக்ரியும் (தடித்த ரொட்டி) சமைத்துப் போட்ட வீட்டம்மா, வாசலில் அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்துவிட்டு, இதுவரை மலை மேல் பரவிக் கிடந்ததை இப்போது என் வீட்டு முன்னால் குவித்திருக்கிறீர்கள் என்று மராட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இறுதியில் சிறிய டெம்போ ஒன்றை 600 ரூபாய்க்கு நானே பேசி அனுப்பினேன். அந்தத் தொகையை நிறுவனம் மறுவாரம் திருப்பித் தந்தது.

அடுத்தது சான்றிதழ். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியைக் காட்ட வேண்டிய மாணவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. எட்டு மணி நேரத் தொண்டு என்று அச்சடித்தே கொண்டு வந்திருந்தார்கள். நடந்ததோ மூன்றரை மணி நேரம். மலை ஏறியதையும் சாப்பிட்டதையும் தொண்டில் சேர்க்க முடியாது என்று மறுத்து, மூன்றரை என்று திருத்தி எழுதச் சொன்னேன். மாணவர் சிலருக்கு என்மேல் இன்னும் வருத்தம் உண்டு.

இத்தகைய பயணத்துக்கு முன்பதிவு செய்வோர், பள்ளி திறந்திருக்கும் நாளா என்பதையும், குப்பை எந்த ஊருக்கு எந்த வண்டியில் போகும் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கிராமத்து வேலையைக் காலையில் முடித்துவிட்டு மலை ஏறலாம் என்பதும் என் யோசனை. இறங்கி வந்த பிறகு மாணவர்களின் கால்களில் தெம்பு இருப்பதில்லை. டிசம்பர் மாதத்துக்காக அதே நிறுவனத்திடம், அதே இரண்டு வழிகாட்டிகளையும் சனிக்கிழமையையும் கேட்டிருக்கிறேன். குப்பை வண்டிக்கான ஏற்பாட்டை அவர்கள் எழுத்தில் தந்த பிறகே முன்பணம் கட்டுவதாக இருக்கிறேன்.