இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல்.: ஏக்கருக்கு 40 மில்லி போதும், 100 மில்லி எதற்கு?

வெண்டை இலை ஓரம் மஞ்சளாகிக் கிண்ணம் போல மடங்குகிறது என்று மருந்துக்கடையில் சொன்னால், பெரும்பாலும் முதலில் எடுத்து வைக்கப்படுவது இந்த பாட்டில்தான். பேயர் கம்பெனியின் கான்ஃபிடார் பெயரில் அறிமுகமாகி, காப்புரிமை முடிந்தபின் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கும் மருந்து. மூலப்பொருள் எல்லாவற்றிலும் ஒன்றே. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பயிரின் இளம் பருவத்தில், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு, ஒரே ஒரு முறை அடிக்க என்றால் வாங்கலாம். நெல்லின் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு வாங்க வேண்டாம். பூத்து நிற்கும் பயிருக்கு வாங்கவே கூடாது.

பாட்டிலில் உள்ள 17.8 சதவீதம் என்பது எடைக்கு எடைக் கணக்கு, எஸ்.எல். என்பது தண்ணீரில் கரையும் திரவம். லிட்டர் கணக்கில் 200 கிராம் மூலப்பொருள். அதாவது 100 மில்லியில் 20 கிராம். வெண்டைக்கு லேபிள் அளவு ஹெக்டேருக்கு 100 மில்லி, பருத்திக்கும் நெல்லுக்கும் 100 முதல் 125. நம் ஏக்கர் கணக்கில் 40 முதல் 50 மில்லி, அவ்வளவுதான்.

தவறு நடப்பது டேங்கில். லேபிள் சொல்வது பரப்பளவுக்கு உரிய அளவு. கடையில் சொல்வது டேங்குக்கு உரிய அளவு. 10 லிட்டர் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 20 டேங்க் அடித்தால், டேங்குக்கு 2 மில்லி. 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானில் 10 டேங்கில் ஏக்கரை முடிப்பவருக்கு 4 மில்லி. "டேங்குக்கு 10 மில்லி ஊத்துங்க" என்ற வாய்வழி அளவை அந்த 10 டேங்குக்கும் கடைப்பிடித்தால் ஏக்கருக்கு 100 மில்லி, தேவையைப் போல இரண்டரை மடங்கு. "லிட்டருக்கு அரை மில்லி" என்பவரின் கணக்கும் 80 மில்லியில் போய் நிற்கும். கூடுதல் மருந்துக்குக் கூடுதல் பூச்சி சாவதில்லை. காசு போகிறது, காயில் எச்சம் ஏறுகிறது.

4 மில்லியை மூடியில் குத்துமதிப்பாக ஊற்ற முடியாது. இதற்கு நல்ல வழி தாய்க்கரைசல். அளவுக்கோடு போட்ட குவளையில் 40 மில்லி அளந்து, தண்ணீர் சேர்த்துச் சரியாக 1 லிட்டர் ஆக்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்து டேங்குக்கு 100 மில்லி வீதம் 10 டேங்க். முதலில் டேங்கில் பாதித் தண்ணீர், பிறகு கரைசல், பிறகு மீதித் தண்ணீர். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். அந்தக் குவளை இந்த வேலைக்கு மட்டும்தான், வீட்டுக்குள் வரக் கூடாது.

இது எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால் எப்போது அடிப்பது என்பதும் தெரியும். புகையிலையின் நிகோட்டின் பூச்சியின் நரம்பில் எந்த இடத்தில் ஒட்டுகிறதோ, அங்கேதான் இதுவும் ஒட்டுகிறது. 1970-களில் ஷெல் கம்பெனி நிதியாசின் என்ற பொருளைக் கண்டது. பூச்சியை நன்றாகக் கொன்றாலும் வெயிலில் நிற்கவில்லை. ஜப்பான் பேயரில் ஷின்ஸோ ககபு குழுவினர் 1985-இல் குளோரோபிரிடின் வளையத்தைச் சேர்த்து, நைட்ரோ தொகுதியின் அமைப்பையும் மாற்றி இமிடாகுளோபிரிடை உருவாக்கினார்கள். 1991-இல் சந்தைக்கு வந்தது. நரம்புச் சைகை முடிந்ததும், அதைக் கடத்திய அசிடைல்கோலினை ஒரு நொதி சிதைத்துவிடும். இந்த மருந்தை அந்த நொதியால் தொட முடியாது. நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி நடுங்கி, செயலிழந்து சாகும். சாவதற்கு முன்பே உறிஞ்சுவதை நிறுத்திவிடும். அதனால் அடித்த ஒரு மணி நேரத்தில் பூச்சி கொட்டவில்லை என்று மறுநாளே இன்னொரு மருந்தைக் கலந்து அடிப்பது வீண்.

தண்ணீரில் லிட்டருக்கு 0.6 கிராம் வரை கரையும். இலைக்குள் புகுந்து, நீர் ஏறும் குழாய் வழியே மேல்நோக்கி மட்டும் போகும். கீழே இறங்காது. அதனால்தான் வேரில் ஊற்றினால் செடி முழுக்கப் பரவுகிறது, இலையில் அடித்தால் வேருக்கோ பிறகு விடும் புதுத் தளிருக்கோ சரியாகப் போய்ச் சேர்வதில்லை. இரண்டு வாரம் கழித்துப் புதுக் கொழுந்தில் அசுவினி ஏறினால் மருந்து போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மருந்து பட்டபோது அந்தக் கொழுந்தே இல்லை.

நீரில் கரைந்த இமிடாகுளோபிரிட் வெயில் பட்டால் சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். இலைக்குள் போனது தப்பும், மேலே நிற்பது போய்விடும். அதனால் மாலை 4 மணிக்கு மேல் அடிப்பது நல்லது. போர்வெல் உப்புத் தண்ணீரின் காரத்தன்மை பற்றிக் கவலை வேண்டாம். பல ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் காரத் தண்ணீரில் வேகமாகச் சிதையும். இது கார அமில நிலை (பிஎச்) 9-இல்கூடப் பாதியாக ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். இந்த ஒரு விஷயத்தில் இந்த மருந்துக்கு முழு மதிப்பெண் தரலாம்.

கேட்காத இடங்கள் நிறைய. காய்ப்புழு, தண்டுத்துளைப்பான் போன்ற புழுக்களுக்கு இதை நம்பக் கூடாது. சிலந்திப்பேனுக்கு வேலை செய்யவே செய்யாது. இதை அடித்த பயிரில் சிலந்திப்பேன் பெருகியதாகப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மிளகாயில் இந்தக் குழப்பம் அதிகம். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்ற சிலந்திப்பேன். இரண்டையும் "சுருட்டை" என்று ஒரே சொல்லில் சொல்லிக் கடையில் நின்றால் தப்பான பாட்டில்தான் கைக்கு வரும். இன்னொன்று: மிளகாய்க்கு லேபிளில் காத்திருப்புக் காலம், அதாவது அடித்தபின் பறிக்கும்வரை பொறுக்க வேண்டிய காலம், 40 நாள். வாரா வாரம் காய் பறிக்கிற வயலில் இதற்கு இடமே இல்லை, பறிப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். வெண்டைக்கும் தக்காளிக்கும் 3 நாள்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈக்கும் வேண்டாம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் அது கண்டறியப்பட்டதிலிருந்து ஆராய்ச்சி நிலையங்கள் சொல்வது மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓலையின் அடிப்பக்கம் விசையாகத் தண்ணீர் பீய்ச்சுவது, வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற குட்டிக் குளவி ஒட்டுண்ணியைக் காப்பது ஆகியவைதான். மருந்து அடித்தால் முதலில் சாவது அந்த ஒட்டுண்ணி.

புகையானுக்கு வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் புகையானுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆசியா முழுவதும் திரும்பத் திரும்ப அடித்ததில், 2005 வாக்கில் பல நாடுகளில் எதிர்ப்புத்திறன் பதிவானது. பூச்சியின் உடம்பில் உள்ள பி450 வகை நொதி ஒன்று பல மடங்கு பெருகி, மருந்து நரம்பைத் தொடும் முன்பே அதைச் சிதைத்துவிடுகிறது. அளவைக் கூட்டினால் இந்தப் பூச்சி மடங்காது, புகையானைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சிதான் சாகும். புகையானைத் தின்னும் சிலந்தி தூருக்கு ஒன்று இருந்தால், சிம்புக்கு (தூரின் ஒரு கிளைக்கு) 2 புகையான் வரை பொறுக்கலாம், சிலந்தி இல்லாவிட்டால் 1. அதைத் தாண்டினால் பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி. (நீரில் கலக்கும் குருணை) ஏக்கருக்கு 120 கிராம், அல்லது ட்ரைஃபுளூமெசோபைரிம் 10 எஸ்.சி. (நீரில் கலக்கும் கெட்டித் திரவம்) 94 மில்லி. இரண்டுமே வேறு பிரிவு மருந்துகள். தெளிப்பான் முனை தூரைப் பார்க்க வேண்டும். கதிரின் மேல் பனி போலத் தூவினால் எந்த மருந்தும் கேட்காது. செயற்கைப் பைரித்ராய்டு மட்டும் கூடவே கூடாது, புகையான் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும்.

பருத்தி விவசாயி கடைக்குப் போகும் முன் விதைப் பாக்கெட்டைப் பார்க்க வேண்டும். பி.டி. பருத்தி விதை பெரும்பாலும் இமிடாகுளோபிரிட் பூசியே வருகிறது. முதல் மாதம் தத்துப்பூச்சியிடமிருந்து செடியைக் காப்பது அந்தப் பூச்சுதான். அடுத்த தெளிப்பாகவும் இதையே அடிப்பது, பூச்சிக்கு ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்துவது. அசிட்டாமிப்ரிட், தயாமீத்தாக்சாம் ஆகியவையும், செயல்படும் விதத்தை வைத்துப் பிரித்ததில், இதே 4ஏ பிரிவுதான். பெயர் வேறு, ஒட்டும் இடம் ஒன்று. மாற்றி அடிக்க ஃபுளோனிகாமிட் 50 டபிள்யூ.ஜி. ஏக்கருக்கு 60 கிராம் நல்ல தேர்வு.

தேனீ விஷயத்தில் எங்களால் மென்மையாகப் பேச முடியவில்லை. வாய் வழியே போனால் பாதித் தேனீக்களைக் கொல்ல, ஒரு தேனீக்கு ஏறத்தாழ 4 நானோகிராம் போதும். பாட்டிலின் ஒரு மில்லியில் இருப்பது 200 மில்லிகிராம். கணக்குப் போட்டால் 5 கோடித் தேனீக்களின் அளவு. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் தேனீ நாடும் பயிர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டையே தடை செய்தது. இங்கே சூரியகாந்திக்கும் லேபிளில் இடம் இருக்கிறது. பூக்கும் முன் அடிப்பது வேறு, பூத்தபின் அடிப்பது வேறு. பூத்தபின் அடித்தால் மகரந்தச் சேர்க்கை குறைந்து விதை பதராகும், நட்டம் அடித்தவருக்கே. பக்கத்தில் மல்பெரி இருந்தால் காற்று வீசும் திசையைப் பார்த்தாக வேண்டும். உடுமலைப் பக்கம் போலப் பட்டுப்புழு வளர்க்கும் ஊர்களில், வரப்பு தாண்டிய சாரல் பட்ட இலையே ஒரு வளர்ப்பைக் கெடுக்கப் போதும்.

நீர்வாழ் உயிர்களில் ஆய்வகத்தின் வழக்கமான சோதனை உயிரான டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு இதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. வயல் நீரில் வாழும் ஈசல் போன்ற மேஃப்ளைக் குஞ்சுகளோ அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைந்த அளவிலேயே சாகும். டாஃப்னியாவை மட்டும் பார்த்து "தண்ணீருக்குப் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடித்த நெல் வயல் நீரை வாய்க்காலில் வடிக்கக் கூடாது, தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவக் கூடாது.

மனிதருக்கு, ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த மோனோகுரோட்டோபாஸ் அளவுக்குக் கொடியதல்ல. பாதி எலிகளைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 450 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. இருந்தாலும் இது விஷம். தலைசுற்றல், வாந்தி, வியர்வை, படபடப்பு வரும். கரைப்பானே வயிற்றைப் புண்ணாக்கும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகக்கவசம் வேண்டும். அளந்து ஊற்றும்போதுதான் செறிவு அதிகம், பலர் கையுறையைக் கழற்றுவதும் அப்போதுதான். யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கூடவே கொண்டு போங்கள். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது, சிகிச்சை அறிகுறிகளுக்குத்தான். ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுக்குப் போடும் பிராலிடாக்ஸிம் இதற்கு உதவாது, கெடுதல் செய்யக்கூடும். டேங்கில் வேறு மருந்து கலந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வாங்கும்போது பதிவு எண், பேட்ச் எண், காலாவதி நாள், உள்ளே தமிழ்த் துண்டுப்பிரசுரம் நான்கையும் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். மருந்து கேட்காமல் போனால் கேள்வி கேட்க அது ஒன்றுதான் ஆதாரம். விலையை பாட்டிலுக்கு ஒப்பிடாமல் மூலப்பொருளின் கிராமுக்கு ஒப்பிட வேண்டும். 70 டபிள்யூ.ஜி. குருணை பருத்திக்கு ஏக்கருக்கு 12 முதல் 14 கிராம்தான், பாக்கெட் விலை அதிகமாகத் தெரிந்தாலும் சில சமயம் கணக்கில் இணையாக வரும். வீட்டுக் கரையானுக்கு இந்த 17.8 பாட்டிலை வாங்க வேண்டாம். அதற்குத் தனியாகப் பதிவான 30.5 எஸ்.சி. இருக்கிறது, லிட்டருக்கு 2.1 மில்லி.