திறனாய்வு வினைச்சொல் அட்டைகள்: எதற்கு உதவும், எங்கே காலை வாரும்

சேலம் பழைய பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள புத்தகக் கடைகள் சிலவற்றில் ஒரு சிறு அட்டைப்பெட்டி விற்பனைக்கு இருக்கிறது. உள்ளே 48 அட்டைகள், விலை 180 ரூபாய். இலக்கிய நயம் பாராட்டலுக்கும் நெடுவினாவுக்கும் உதவும் வினைச்சொற்கள் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ் எழுதும் பிள்ளைகளுக்கானது. வாங்கலாம். ஆனால் பெட்டியில் சொன்னபடியே பயன்படுத்தினால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

நம் பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: 'கவிஞர் மிக அழகாகக் கூறியுள்ளார்.' எந்தப் பாடலுக்கும் இது பொருந்தும் என்பதால் எந்தப் பாடலைப் பற்றியும் இது எதையும் சொல்வதில்லை. பிளஸ் டூவில் நெடுவினாவுக்கு 6 மதிப்பெண். அதில் பாடலின் பொருளை உரைநடையில் திருப்பி எழுதிவிட்டு, முன்னும் பின்னும் 'கூறுகிறார்' போட்டு முடித்தால் திருத்துபவருக்குப் படிக்க ஒன்றும் இல்லை. புலவர் அந்த வரியில் என்ன செய்கிறார் என்று தீர்மானிப்பதுதான் திறனாய்வு. அந்தத் தீர்மானம் வாக்கியத்தின் கடைசியில் வரும் வினைமுற்றில் இருக்கிறது. அட்டைகளைத் தயாரித்தவர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு அட்டையின் முன்பக்கத்திலும் ஒரே ஒரு வினை, பெரிய எழுத்தில். பின்பக்கத்தில் மூன்று பகுதிகள்: எப்போது பயன்படுத்துவது, எதை ஏற்கும், ஒரு மாதிரி வாக்கியம். அடியில் தவறான வாக்கியம் ஒன்றைச் சிவப்பில் அடித்துக் காட்டியிருக்கிறார்கள். நான்கு நிறங்களில் நான்கு தொகுதிகள்: சொல்லுதல் 7, காட்டுதல் 15, வாதித்தல் 14, உணர்வு 12.

இதில் 'எதை ஏற்கும்' என்ற பகுதிக்கு மட்டுமே 180 ரூபாய் தரலாம். பொருத்தமான வினையைத் தேர்ந்தெடுத்த பிறகும் பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான். 'சாடுகிறார்' என்பதற்கு இரண்டாம் வேற்றுமை வேண்டும்: சாதிப் பெருமையைச் சாடுகிறார். 'ஏங்குகிறாள்' அப்படி வராது. 'பிரிவை ஏங்குகிறாள்' என்று எழுதுகிறார்கள். 'அவன் வரவுக்கு ஏங்குகிறாள்' என்றோ 'வருவானோ என்று ஏங்குகிறாள்' என்றோதான் வரும். 'வாதிடுகிறார்' வந்தால் முன்னால் 'என்று' வர வேண்டும். 'வலியுறுத்துகிறார்' இரண்டையும் ஏற்கும். 'முரண்படுகிறார்' என்றால் ஒரு கருத்தோடு முரண்பட வேண்டும், 'கருத்தை முரண்படுகிறார்' ஆகாது. 'ஒப்பிடுகிறார்' என்பதற்கு இரண்டு பொருள்கள் தேவை. 'கவிஞர் முகத்தை ஒப்பிடுகிறார்' என்று நிறுத்தினால் எதனோடு என்ற கேள்வி தொங்கும். இத்தனையும் அட்டையில் இருக்கின்றன, சுருக்கமாகவும் தெளிவாகவும்.

சொல்லுதல் தொகுதி வீண். கூறுகிறார், உரைக்கிறார், மொழிகிறார், இயம்புகிறார், நவில்கிறார், பகர்கிறார், செப்புகிறார் என்று ஏழு அட்டைகள். ஏழுக்கும் ஒரே பொருள்தான். முதல் பத்தியில் 'கூறுகிறார்', இரண்டாவதில் 'இயம்புகிறார்', மூன்றாவதில் 'நவில்கிறார்' என்று மாற்றி மாற்றி எழுதினால் மொழிவளம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சொல் மாறியதே தவிர, பாடலைப் பற்றிய கணிப்பு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பெட்டியைப் பிரித்ததும் இந்த ஏழில் 'கூறுகிறார்' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் எடுத்துவிடலாம். அந்த ஒன்று கட்டாயம் வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்ற தகவலை மட்டும் தரும் இடத்தில் 'தோழி தலைவியிடம் கூறுகிறாள்' என்பதைவிடப் பொருத்தமான வாக்கியம் இல்லை.

காட்டுதல், வாதித்தல் இரண்டும்தான் உழைக்கும் தொகுதிகள். அவற்றின் மதிப்பு சொந்தமாக ஒரு பாடலை எடுத்துச் சோதித்தால் தெரியும். குறுந்தொகையின் 40ஆம் பாடல், செம்புலப்பெயல்நீரார் பாடியது, எல்லோருக்கும் தெரிந்தது:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

'புலவர் காதலின் சிறப்பை அழகாகக் கூறுகிறார்' என்பது வழக்கமான விடை. அட்டைகளைப் புரட்டினால் 'நிறுவுகிறார்' கண்ணில் படும். காதல் உறவைவிடப் பெரியது என்று புலவர் நிறுவுகிறார் என்று எழுதத் தோன்றும். தவறு. நிறுவுவதற்குக் காரணங்கள் வேண்டும். இங்கே இருப்பவை மூன்று கேள்விகளும் ஓர் உவமையும். மேலும் பேசுபவர் புலவர் இல்லை, தலைவன். இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு தலைவன் கூறியது என்று, யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதைச் சொல்லும் பாடலின் துறைக்குறிப்பே சொல்கிறது. அப்படியானால் அவன் செய்யும் வேலை தேற்றுவது. 'தாய், தந்தை, முன்பழக்கம் என்று உறவுக்கான காரணங்களை முதல் மூன்று அடிகளில் ஒவ்வொன்றாக விலக்கும் தலைவன், கலந்தன என்ற முற்றுவினையால் தலைவியைத் தேற்றுகிறான்.' இந்த வாக்கியத்தில் விலக்குதல், தேற்றுதல் என்று இரண்டு வினைகள் இருக்கின்றன; இரண்டுக்கும் பாடலில் கை வைத்துக் காட்ட இடம் இருக்கிறது. 'தேற்றுகிறார்' உணர்வுத் தொகுதியில் இருக்கிறது. 'விலக்குகிறார்' பெட்டியிலேயே இல்லை, சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லா அட்டைகளிலும் வினை 'ஆர்' விகுதியோடு அச்சாகியிருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அப்படியே பார்த்து எழுதும் பிள்ளை 'தலைவி ஏங்குகிறார்' என்று எழுதிவிடுகிறது. புலவருக்கு 'ஆர்', தலைவனுக்கு 'ஆன்', தலைவிக்கும் தோழிக்கும் 'ஆள்', பாடலுக்கும் அடிக்கும் 'அது' என்று ஒரு வரியைப் பெட்டி மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. எழுவாய் யார் என்று முடிவு செய்யாமல் வினையைத் தேடக் கூடாது என்ற பழக்கமும் அதோடு வரும்.

'ஒப்பிடுகிறார்' அட்டையில் இன்னொரு குறை. அதன் மாதிரி வாக்கியம் எல்லா உவமைக்கும் எல்லா உயர்வுக்கும் ஒரே வினையைத் தருகிறது. குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார், 'நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று நீரினும் ஆரளவின்றே' என்கிறார். தலைவி தன் நட்பை நிலத்தோடு ஒப்பிடுகிறாள் என்று எழுதினால் 'இனும்' என்ற உருபு கண்ணில் படவில்லை என்று பொருள். நிலத்தையும் வானையும் நீரையும் அளவுகோலாக எடுத்து, மூன்றும் போதவில்லை என்று அவள் தள்ளுகிறாள். 'உயர்த்துகிறாள்' அல்லது 'விஞ்சச் செய்கிறாள்' என்பதே சரி. அதே பாடலில் 'கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும்' என்று வருகிறது. குறிஞ்சி சேர்வராயன் மலையிலும் பூக்கும் செடி என்பதால் ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு இந்த அடியை எடுத்துக்காட்டாகத் தருவது எளிது. தேனீ தேனை எடுக்கிறது என்றோ சேர்க்கிறது என்றோ சொல்லாமல் 'இழைக்கும்' என்றதில், சிறிது சிறிதாக, வேலைப்பாட்டோடு உருவாக்கும் நட்பு என்ற பொருள் வந்துவிடுகிறது. வினையைத் தேர்வது எப்படி என்று புலவரே காட்டும் இடம்.

'எள்ளுகிறார்' அட்டை இந்தப் பெட்டியிலேயே மிகச் சிறந்தது. மாதிரியாக 1071ஆம் குறளை எடுத்திருக்கிறார்கள்: 'மக்களே போல்வர் கயவர்.' மேலோட்டமாக அது ஓர் ஒப்புமை. அடுத்து வரும் 'அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்' (இப்படியோர் ஒப்புமையை நாம் கண்டதில்லை) என்பதைப் படித்தால்தான் உள்ளே இருக்கும் ஏளனம் தெரியும். 'ஒப்பிடுகிறார்' என்று எழுதியவர் முதல் பாதியை மட்டும் படித்தவர். இதே முறையில் 1062ஆம் குறளையும் செய்து பார்க்கலாம்: 'இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்.' பிள்ளைகள் 'வருந்துகிறார்' என்பார்கள். 'கெடுக' வருத்தம் இல்லை, சாபம். 'வேண்டின்' என்று ஒரு நிபந்தனையும் இருக்கிறது. 'இரந்துதான் வாழ வேண்டுமென்றால் என்ற நிபந்தனையோடு, உலகைப் படைத்தவனையே வள்ளுவர் சபிக்கிறார்' என்று எழுதினால் குறளின் துணிச்சல் முழுதும் விடைக்குள் வந்துவிடும். 'சபிக்கிறார்' அட்டையும் இல்லை.

பெரிய குறை வேறு. ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். 'குறிப்பிடுகிறார்' ஒரு நட்சத்திரம், 'பறைசாற்றுகிறார்' ஐந்து. இதைப் பார்க்கும் பிள்ளை ஐந்து நட்சத்திர வினைகளைப் பொறுக்கி எழுதும். சங்கப் பாடலில் இறைச்சி என்ற மறைபொருள் உத்தியால் பூ, பறவை வாயிலாக மறைத்துச் சொன்ன ஒன்றை 'பறைசாற்றுகிறார்' என்று எழுதினால் அந்த வாக்கியம் பொய். அங்கே வேண்டியது 'குறிப்பால் உணர்த்துகிறார்'. வினைக்கு உயர்வு தாழ்வு கிடையாது, பொருத்தம் மட்டுமே உண்டு. கறுப்பு மார்க்கரால் நட்சத்திரங்களை அழித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.

வடிவத்தைப் பற்றி எழுத வினைகளே தரவில்லை என்பதும் நயம் பாராட்டலில் இடிக்கும். 'இப்பாடலில் எதுகை காணப்படுகிறது, மோனை அமைந்துள்ளது' என்ற வாய்ப்பாட்டிலிருந்து பிள்ளையை மீட்க, தொடை (எதுகை, மோனை போன்ற ஒலி இயைபு) என்ன வேலை செய்கிறது என்று சொல்லும் வினைகள் வேண்டும்: இணைக்கிறது, எதிர்நிறுத்துகிறது, அடுக்குகிறது, தாமதப்படுத்துகிறது, முறிக்கிறது, அழுத்துகிறது. செம்புலப்பெயல்நீரில் 'யாயும் ஞாயும்', 'எந்தையும் நுந்தையும்', 'யானும் நீயும்' என்ற இணைகளில் ஒலியும் 'உம்'மையும், அந்நியரான இரு குடும்பங்களை வரிக்கு வரி அருகருகே நிறுத்துகின்றன. பெட்டியில் நான்கு வெற்று அட்டைகளும் இருக்கின்றன. இவற்றில் வேண்டியதை அவற்றில் எழுதிக்கொள்ளலாம்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். 48ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். 12 எடுத்தால் போதும்: குறிப்பிடுகிறார், உணர்த்துகிறார், சித்திரிக்கிறார், வரையறுக்கிறார், வலியுறுத்துகிறார், மறுக்கிறார், வினவுகிறார், ஒப்பிடுகிறார், எள்ளுகிறார், இடித்துரைக்கிறார், ஏங்குகிறார், தேற்றுகிறார். பாடலை இரண்டு முறை படித்த பிறகு மூன்று அட்டைகளை மேசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 'பாடலில் எந்தச் சொல்லை வைத்து?' என்று கேட்க வேண்டும். சொல் காட்ட முடியாத அட்டை வெளியே. மீதி இருப்பதை வைத்து ஒரே ஒரு வாக்கியம்: எழுவாய், பாடலில் உள்ள சொல், வினை. காலம் ஒன்றாக இருக்கட்டும்; ஒரு வரியில் 'மறுக்கிறார்', அடுத்த வரியில் 'மறுத்துள்ளார்' என்று தாவ வேண்டாம். பொருளில் ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்க்கலாம். பொருளோடு வாக்கிய எடுத்துக்காட்டும் தருவதால் வினை எந்த வேற்றுமையை ஏற்கும் என்பதும் பிடிபடும்.

தாள் தடிமனாக இருந்தாலும் லேமினேஷன் இல்லை. ஏற்காட்டு விடுதிகளில் மழைக்காலப் பனிமூட்டத்தில் அட்டைகள் நமுத்து வளைந்துவிடும். அங்கே படிக்கும் பிள்ளைக்கு என்றால் கீழே சேலத்திலேயே லேமினேட் செய்து அனுப்புங்கள். 48க்கும் செய்யாமல் தேர்ந்தெடுத்த 12க்கும் எழுதி முடித்த நான்கு வெற்று அட்டைகளுக்கும் மட்டும் செய்தால் செலவு குறையும்.