கீறலா வெட்டா: உப்புவெளியில் அம்மாவுக்குச் செய்த சின்ன ஒப்பரேஷன்

அம்மாவின் முதுகில் ஐந்தாறு வருடமாக இருந்த கட்டியை உப்புவெளிப் பக்கம் ஒரு சின்னக் கிளினிக்கில் போன மாதம் எடுத்தோம். திருகோணமலையில் இப்படியான சிறு சத்திரசிகிச்சைக்கு இடம் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன், ஆனால் முக்கியமாகச் சொல்ல வந்தது அங்கே அவர்கள் பாவித்த “கீறல்” என்ற சொல்லைப் பற்றி.

முதலில் டவுணில் வேறொரு இடத்துக்குத்தான் போனோம். கையெழுத்துக்குத் தந்த படிவத்தில் “வெட்டுக்காயம் ஏற்படுத்தச் சம்மதிக்கிறேன்” என்று இருந்தது. இங்கிலீஷில் இன்சிஷன் என்று இருந்ததை யாரோ அப்படி மாற்றியிருக்க வேண்டும். வெட்டுக்காயம் என்பது நமக்குப் பத்திரிகையில் வாள்வெட்டுச் செய்தியோடு வரும் சொல், பொலிஸ் முறைப்பாட்டில் வரும் சொல். மூதூரில் பிறந்து, இடம்பெயர்ந்து, பார்க்கக் கூடாததெல்லாம் பார்த்த அம்மா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார், பேனாவை மேசையில் வைத்தார், “வீட்ட போவம் மகள்” என்றார். பிறகு நான்கு மாதம் கட்டியைப் பற்றிப் பேசவே விடவில்லை.

உப்புவெளி டொக்டர் முதலில் ஒரு துண்டுப் பேப்பரை எடுத்தார். “சின்னதா ஒரு கீறல் போடுவம் அம்மா, இவ்வளவுதான்” என்று கண் மாதிரி ஒரு வடிவம் கீறி, நடுவில் ஒரு புள்ளி வைத்தார். கட்டியின் மேல் இருந்த கறுப்புத் துளைதான் அந்தப் புள்ளி. அப்புறம் அதே கண்ணை நீலப் பேனாவால் அம்மாவின் முதுகிலும் கீறினார். அம்மா திரும்பிப் பார்க்க முடியாததால் நான் ஃபோனில் படம் எடுத்துக் காட்டினேன். “இவ்வளவுதானா?” என்றார்.

படம் கீறுவதும் நமக்குக் கீறுவதுதானே. கோடு கீறுகிறோம், மீனைக் கீறி உப்புப் போடுகிறோம், சீழ்க்கட்டைக் கீறி விடுகிறோம். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று கை அறிந்து செய்கிற வேலைக்கெல்லாம் இந்தச் சொல் பொருந்துகிறது. சத்திரசிகிச்சையில் உள்ள சத்திரமும் ஆயுதம்தான், ஆனால் பேசும்போது அந்த ஆயுதம் யார் காதிலும் விழுவதில்லை, வெட்டு விழுகிறது.

மென்மையாகச் சொல்லி எதையும் மறைக்கவும் இல்லை. கீறித் திறப்பது இன்சிஷன், வெட்டி எடுப்பது எக்சிஷன், அம்மாவுக்கு இரண்டும் உண்டு, கட்டிக்குள் இருக்கும் பையை முழுதாக எடுக்காவிட்டால் திரும்ப வரும் என்று அம்மாவிடமே சொன்னார். கண் ஏன் சரிந்து இருக்கிறது என்று கேட்டேன். தோல் இழுபடும் பக்கமாகக் கீறினால் தழும்பு மெல்லியதாக ஆறுமாம். வீட்டுக்கு வந்து தேடினேன், தோல் இழுபடும் திசையைக் காட்டும் கோடுகளுக்கு லாங்கர் கோடுகள் என்று பெயர், 1861இல் அவற்றை வரைந்து காட்டிய ஒஸ்திரிய உடற்கூற்றியலாளர் கார்ல் லாங்கரின் பெயர்.

விறைப்பு ஊசி மட்டும் கடுத்தது என்றார் அம்மா. அரை மணித்தியாலம், நான்கு தையல். எடுத்த பையைப் போத்தலில் போட்டு எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 12ஆம் நாள் தையல் வெட்டினார்கள். முதலில் சொன்ன காசுக்கு மேல் ஒரு ரூபா எடுக்கவில்லை.

குறையும் உண்டு. காத்திருக்கும் இடம் தகரக் கூரை, பத்து மணிக்குப் பிறகு வயதானவர்களால் இருக்க முடியாது, கதிரையும் போதாது. ஒரு ஃபான் போடலாம். எட்டு மணிக்கு முன் போய் நம்பர் எடுத்துவிடுங்கள். எங்கே போனாலும் படிவத்தை முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு பெரியவர்களிடம் கொடுங்கள். எங்கே கீறப் போகிறார்கள் என்று பேப்பரில் கீறிக் காட்டச் சொல்லுங்கள், அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.