ராசா சாப்பிட்ட கோப்பை எங்கே? வியன்னா, இஸ்தான்புல், பத்மநாபபுரம்: மூன்று அரண்மனைக் குசினிகள்

சூரிச்சிலிருந்து வந்த மருமகனை யாழ்ப்பாண அரசின் பழைய தலைநகரான நல்லூருக்குக் கூட்டிச் சென்று சங்கிலியன் தோப்பு வளைவையும் மந்திரிமனையையும் யமுனா ஏரியையும் காட்டினேன். பன்னிரண்டு வயதுப் பையன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "ராசா சாப்பிட்ட கோப்பை எங்கே?"

எங்களுக்கு அரசன் இருந்தான், அரண்மனை இருந்தது. 1619இல் போர்த்துக்கேயர் இரண்டையும் முடித்துவைத்தார்கள். குசினி என்ற சொல்லை மட்டும் அவர்கள் எங்கள் வீடுகளில் விட்டுப் போயிருக்கிறார்கள். குசினிக்குள் இருந்திருக்கக்கூடிய அரச பாத்திரம் ஒன்றைக்கூடக் காட்ட எங்களால் முடியாது. பையனுக்கு அன்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

அரசர்களின் தட்டுமுட்டுச் சாமான்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் இடங்களுக்கு நான் போயிருக்கிறேன். மூன்று இடங்களுக்கும் அம்மாவுடன்தான் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் இந்த ஊர்கள் வழியாகத்தான் போய் வருகிறார்கள். ஒரு நாள் கையில் மிஞ்சினால் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா மூன்று இடங்களிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "இதையெல்லாம் யார் பிள்ளை மினுக்கியது?" புளியும் சாம்பலும் போட்டு ஐம்பது வருடம் பித்தளை மினுக்கிய கை அது. வழிகாட்டி நூல்களைவிட அந்தக் கேள்வி எனக்கு நல்ல அளவுகோலாக இருந்தது.

முதலில் வியன்னா. ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் ஹோஃப்பர்க் அரண்மனையில் வெள்ளிச் சாமான் அறை என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. நாங்கள் போனது 2019இல். 2023இல் புதுப்பிப்பு வேலைக்காக அதை மூடினார்கள். ஆகவே திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். பளபளப்பில் இதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. மிலான் மேசை அலங்காரம் என்ற ஒன்று இருக்கிறது. பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலைகளும் கண்ணாடித் தட்டுகளுமாக, முழுவதையும் நீட்டி வைத்தால் முப்பது மீட்டர் வரும். நெப்போலியனின் வளர்ப்பு மகனும் இத்தாலியின் வைஸ்ராயுமான யூஜின் தெ போஆர்னேக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்டது. பக்கத்திலேயே 140 பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பொன்முலாம் வெள்ளித் தொகுதி. எடை 1,100 கிலோவுக்கு மேல். விக்டோரியா மகாராணி பேரரசர் பிரான்ஸ் ஜோசப்புக்கு அனுப்பிய மின்டன் பீங்கான் தொகுதியும் இருக்கிறது. அது முதலில் 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்தது.

இவ்வளவையும் பார்த்து முடிக்கும்போது கண் கூசும். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் வித்தியாசம் மங்கிவிடும். உண்மையைச் சொன்னால், நாற்பதாவது நிமிடத்தில் நான் கொட்டாவி விட்டேன். நகைக்கடையில் மனைவிக்காகக் காத்திருக்கும் கணவரின் நிலை. அங்கே எனக்கு மனத்தில் நின்றவை இரண்டுதான். ஒன்று, மேசைத் துணியை மடிக்கும் விதம். பாண் துண்டைச் செருகி வைப்பதற்கு இடம் விட்டு, அரண்மனைக்கே உரிய ஒரு மடிப்பு. அதன் நுட்பத்தை எழுதி வைக்காமல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுத்து வருவதாகச் சொல்கிறார்கள்; அரசு விருந்துகளில் இன்றும் அப்படித்தான் மடிக்கிறார்கள். மற்றது, பெரிய வியாழன் அன்று பேரரசர் பன்னிரண்டு முதியவர்களின் காலைக் கழுவும் சடங்குக்கான குடமும் தாம்பாளமும். அம்மா அந்தத் தாம்பாளத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். "வருடத்தில் ஒரு நாளாவது குனிந்திருக்கிறார்" என்றார்.

நெப்போலியன் போர்க் காலத்தில் அரண்மனையின் பழைய வெள்ளியில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள் என்று கேட்டபோதுதான் அந்த இடம் எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது. சண்டை வந்தால் முதலில் போவது பாத்திரமும் நகையும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எங்கள் வீட்டுப் பித்தளைக் கிடாரத்தைக் கொல்லையில் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து தோண்டியபோது கிடாரம் இருந்தது, மூடியைக் காணவில்லை.

வியன்னாவில் சமையலறைச் சாமான்களும் இருக்கின்றன: செப்புச் சட்டிகள், பலகார அச்சுகள். எல்லாம் அழகாக அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் அடுப்பு இல்லை, புகை இல்லை. உணவு எப்படி மேசையில் வந்து உட்கார்ந்தது என்பதற்கு அங்கே விடை இருக்கிறது; எங்கே வெந்தது என்பதற்கு இல்லை.

இஸ்தான்புல்லில் உஸ்மானிய சுல்தான்கள் இருந்த தொப்காபி அரண்மனை இதற்கு நேர் எதிர். இரண்டாவது முற்றத்துக்குள் நுழைந்து வலப்பக்கம் பார்த்தால், குவிமாடங்களுக்கு மேல் வரிசையாகப் புகைபோக்கிகள். 1574 தீ விபத்துக்குப் பிறகு கட்டடக்கலை மேதை சினான் திருப்பிக் கட்டியவை. கடலில் வரும் கப்பலில் இருந்து பார்த்தாலே தெரியும். அரண்மனையின் அடையாளமாகச் சமையலறைப் புகைபோக்கியை நிற்க விட்ட அரசர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. நாளொன்றுக்கு நாலாயிரம் பேருக்கு மேல் இங்கே சமைத்தார்கள். விழா நாட்களில் தொகை இன்னும் ஏறும். அல்வாவுக்கும் சர்பத்துக்கும் மட்டும் தனிச் சமையலறை. மருந்துப் பாகுகளும் அங்கேதான் காய்ச்சினார்கள்.

உள்ளே அம்மாவை நிறுத்தியவை ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் செப்புக் கிடாரங்கள். செப்புக்கு உள்ளே ஈயம் பூச வேண்டும், இல்லாவிட்டால் களிம்பேறி உணவு நஞ்சாகும். எங்கள் ஒழுங்கையில் ஈயம் பூசுகிறவர் சைக்கிளில் வந்து துருத்தி ஊதியது எனக்கே நினைவிருக்கிறது. தமிழில் இதற்குக் கலாய் பூசுதல் என்றும் ஒரு சொல் உண்டு. துருக்கியரும் இந்த ஈயத்தைக் கலாய் என்றே சொல்கிறார்கள் என்று கண்டபோது அம்மாவுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும். ஊர்க்காரர் ஒருவரை அந்நிய நாட்டில் கண்டதுபோல இருந்தது.

கிடாரத்துக்கு அங்கே அரசியலும் இருந்தது. ஜானிசாரிகள் என்ற சுல்தானின் காலாட்படை, தலைமை பிடிக்காமல் போனால் சோற்றுக் கிடாரத்தைக் கவிழ்த்து வைக்கும். "உன் சோறு வேண்டாம்" என்றால் கலகம் என்று பொருள். அந்தப் படையில் ஓர் அதிகாரியின் பதவிப் பெயரே சூப்புக்காரர். 1826இல் படையை ஒழிக்கும்வரை இஸ்தான்புல் அந்தக் கவிழ்ந்த கிடாரத்துக்குப் பயந்துதான் இருந்தது.

பிறகு பீங்கான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் தொப்காபியிடம் இருக்கின்றன. ஒரு பகுதியைத்தான் பார்வைக்கு வைக்கிறார்கள். வெள்ளையில் நீலம் தீட்டியவை ஒரு பக்கம். பாசி படிந்த குளத்து நீரின் நிறத்தில் பச்சைப் பீங்கான்கள் மறுபக்கம். பச்சையில் நஞ்சு பட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் என்று அரண்மனைகளில் நம்பினார்கள். துருக்கியில் இதற்கு மர்தபானி என்று பெயர், பர்மாவின் மார்த்தபான் துறைமுகத்தை வைத்து. சில கோப்பைகளின் உடைந்த வாய்க்கு உலோகப் பூண் போட்டிருக்கிறார்கள். சிலவற்றில் துருக்கிப் பொற்கொல்லர்கள் மாணிக்கம் பதித்திருக்கிறார்கள். பூண் போட்டவைதான் எனக்குப் பிடித்தன. உடைந்ததை எறிய மனம் வராத சுல்தான், எங்கள் அம்மம்மாவுக்கு உறவுக்காரராக இருக்க வேண்டும்.

இந்தப் பீங்கான் எனக்கு வேறொரு காரணத்தாலும் முக்கியம். யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினால், பண்ணைப் பாலம் கடந்து கொஞ்ச நேரத்தில் அல்லைப்பிட்டி வரும். அங்கே 1970களில் ஜான் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் தோண்டியபோது சொங் வம்சக் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாக வந்தன. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தாரும் இலங்கைத் தொல்லியலாளரும் சேர்ந்து மறுபடியும் தோண்டினார்கள். சீனத்திலிருந்து மேற்கே போன சரக்கு எங்கள் தீவுகளின் வாசலையும் தொட்டுத்தான் போனது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழில் வெட்டிவைத்த கல்வெட்டு ஊராத்துறைத் (இன்றைய ஊர்காவற்றுறை) துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டு வணிகர்களைப் பற்றிப் பேசுகிறது. தொப்காபியில் முழுப் பாத்திரம். எங்கள் மண்ணில் அதன் சில்லு. பச்சைப் பீங்கான் பெட்டி முன்னால் மருமகனும் நின்றிருந்தால் பதில் பாதியாவது கிடைத்திருக்கும்.

குறையும் உண்டு. கூட்டம். பகல் பதினொரு மணிக்குப் பிறகு போனால் பீங்கானுக்கு முன்னால் மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம். நுழைவுக் கட்டணமும் வெளிநாட்டவருக்குக் கடுமையானது. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்.

மூன்றாவது பத்மநாபபுரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரள அரசிடம். திருவிதாங்கூர் அரசர்களின் பழைய மர அரண்மனை. வியன்னாவுக்கு ஷெங்கன் விசாவுக்காக அலைந்தவர்களுக்கு இந்திய விசா ஒரு பொருட்டே அல்ல. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை ஒன்றரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து நாகர்கோவிலுக்கு இரவு ரயில். திங்கட்கிழமை விடுமுறை. காலணியை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

காட்சிக்கு வைத்த பாத்திரம் என்று கணக்குப் பார்த்தால் இது மூன்றிலும் ஏழை. பெரிய ஊறுகாய்ச் சாடிகள், அவற்றில் சில சீனத்திலிருந்து வந்தவை, அரைக்கும் கற்கள், அவ்வளவுதான். ஆனால் அவை இருக்கும் ஊட்டுப்புரையைப் பார்க்க வேண்டும். இரண்டு தளம், ஒரு தளத்தில் ஆயிரம் பேர், ஆக இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் மண்டபம். அரசரின் செலவில் அங்கே பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு போட்டார்கள். (இரண்டாயிரம் பேருக்குச் சோறு என்பது நல்ல காரியம்தான், யாருக்குக் கிடைத்தது, யார் வெளியே நின்றார்கள் என்பதையும் அந்த மண்டபத்தில் நின்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.) நீண்ட வெறுந்தரை, கறுப்பாகக் கண்ணாடி போல. ஒரு மேசை இல்லை, ஒரு தட்டு இல்லை.

அம்மா அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டார். காவலர் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமான கேள்வி வரவில்லையே என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"இங்கே மினுக்க என்ன இருக்கிறது?" என்றார். "வாழையிலை. சாப்பிட்டதும் மாட்டுக்குப் போய்விடும். எங்கள் ராசாவும் இலையில் சாப்பிட்டிருப்பார். பிள்ளைக்கு அதைச் சொல்லு."

ஆக, என் தீர்ப்பு இது. அழகு மட்டும் போதும், கூட்டம் பிடிக்காது என்றால் வியன்னா. சமையலைத் தொழிலாகவோ பித்தாகவோ கொண்டவர்கள் இஸ்தான்புல்லுக்குப் போங்கள். காலையில் கதவு திறக்கும்போதே போய், அந்தப்புரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, நேரே குசினிக்கு நடங்கள். ஒரே ஓர் இடம்தான் முடியும் என்றால் நானும் இஸ்தான்புல்லையே சொல்வேன். வயதான தாய் தகப்பனைக் கூட்டிப் போகிறவர்களுக்கும், பாஸ்போர்ட்டோடு வங்கிக் கணக்கையும் பார்க்க வேண்டியவர்களுக்கும் பத்மநாபபுரம். படிகள் செங்குத்தானவை, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் வாக்கு பத்மநாபபுரத்துக்குத்தான். திரும்பும்போது நாகர்கோவிலில் ஓர் ஊறுகாய்ச் சாடி வாங்கினார். பெட்டியில் போட்டால் உடையும் என்று பலாலி வரை மடியிலேயே வைத்திருந்தார். விமான நிலையத்தில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். வெறும் சாடிதான் என்றார். இப்போது அதில் தேசிக்காய் ஊறுகிறது.